காக்கிச் சட்டையிலிருந்து சட்டமன்றத்துக்கு: பைரோன் சிங் ஷெகாவத்

மலர்க்குழு நண்பர்கள் இந்த முறை ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். பாரதியார், வ.உ.சி., கட்டபொம்மன் என்று நம்ம பக்கத்துப் பெரியவர்களைப் பற்றி ஒவ்வொரு மலரிலும் யாராவது ஒருவர் எழுதிவிடுகிறார். ஆகவே கொஞ்சம் தள்ளிப் போவோமே என்று ராஜஸ்தானுக்குப் போகிறேன். போலீஸ் சப்-இன்ஸ்பெக்டராக வாழ்க்கையைத் தொடங்கி, பத்து முறை எம்.எல்.ஏ.வாகி, மூன்று முறை முதலமைச்சராகி, கடைசியில் இந்தியாவின் குடியரசுத் துணைத் தலைவராக உயர்ந்த பைரோன் சிங் ஷெகாவத்தைப் பற்றியது இந்தக் கட்டுரை.

விளாத்திகுளத்துக்காரனுக்கு ராஜஸ்தான்காரர் மேல் என்ன அக்கறை என்று நண்பர்கள் கேட்கலாம். காற்றாலை வேலை நிமித்தமாக அந்த மாநிலத்தில் சில ஆண்டுகள் இருந்தேன். அங்கே மணல், நம்ம ஊரில் கரிசல். அங்கே மழை ஆடி, ஆவணியில். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில். மற்றபடி பார்த்தால் ரொம்ப வித்தியாசம் கிடையாது. வானத்தைப் பார்த்து விதைக்கிற சனம், கம்பு தின்று வளர்ந்த உடம்பு, மழை பொய்த்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வெளியூர் போகிற வழக்கம் எல்லாம் இரண்டு இடத்துக்கும் பொது. அப்படிப்பட்ட வறண்ட பூமியிலிருந்து வந்த ஒருவர் அரசாங்கத்தில் உட்கார்ந்தபோது என்ன செய்தார், எதைச் செய்யாமல் விட்டார் என்று பார்ப்பது நமக்கும் பிரயோஜனமானதுதான்.

இளமையும் காவல் பணியும்

1923 அக்டோபர் 23-ந் தேதி, அப்போதைய ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில், சீகர் பகுதியிலுள்ள காச்சரியாவாஸ் என்ற கிராமத்தில் ஷெகாவத் பிறந்தார். ஷெகாவாட்டி என்று அந்த வட்டாரத்துக்குப் பெயர். நம்மில் பலருக்குத் தெரிந்த பிலானி பொறியியல் கல்லூரியும் அதே வட்டாரம்தான். தந்தை தேவி சிங் பள்ளி ஆசிரியர். சாதியில் ராஜபுத்திரர் என்றாலும், கோட்டையும் குதிரையும் வைத்திருந்த குடும்பம் அல்ல. படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே தந்தை காலமாகிவிட, கல்லூரிப் படிப்பு நின்றுபோனது. குடும்பப் பாரம் முழுவதும் இளைஞரின் தலையில் விழுந்தது. விவசாயம் பார்த்தார். பிறகு 1940-களில் சீகர் பகுதியில் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்தக் காலத்து சமஸ்தானப் போலீஸ் எப்படி இருந்திருக்கும் என்பதை நம்ம ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எட்டயபுரம் ஜமீன் காலத்துக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மேலே மகாராஜா, அவருக்குக் கீழே சின்னச் சின்ன ஜாகிர்தார்கள். ஜாகிர்தார் என்றால் நம்ம ஜமீன்தார் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். இன்றைய ராஜஸ்தானின் நிலத்தில் பாதிக்கும் மேல் அப்படிப்பட்டவர்கள் கையில் இருந்தது. வரி வாங்குவது, வெட்டி வேலை வாங்குவது எல்லாம் அவர்கள் பாடு.

சப்-இன்ஸ்பெக்டர் வேலை பார்த்தவனுக்கு ஸ்டேஷன் எல்லைக்குள் இருக்கிற ஒவ்வொரு ஊரும் உள்ளும் புறமும் தெரிந்துவிடும். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எவன் கடனுக்கு மாட்டை ஓட்டிக்கொண்டு போனான், எவன் சொன்னால் சாட்சி பல்டி அடிப்பான் என்பதெல்லாம் அத்துப்படி. தாலுகா ஆபீஸில் உட்கார்ந்து காகிதம் பார்க்கிறவருக்கு இந்த விவரம் கிடைக்காது. பின்னாளில் ஷெகாவத் செய்த நல்ல காரியங்களில் பெரியதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

நாடு சுதந்திரம் அடைந்து, சமஸ்தானங்கள் ஒவ்வொன்றாக இந்தியாவோடு இணைந்துகொண்டிருந்த காலத்தில் காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டு ஊர் திரும்பினார்.

சொந்தக்காரர்களுக்கு எதிராக ஒரு கை

1951-ல் பாரதிய ஜனசங்கம் தொடங்கப்பட்டது. 1952-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலில், சீகர் மாவட்டம் தாந்தா ராம்கட் தொகுதியில் ஜனசங்க வேட்பாளராக நின்று ஷெகாவத் ஜெயித்தார். அப்போது வயது 28. ராஜஸ்தான் சட்டமன்றத்தில் 160 இடங்கள். அதில் ஜனசங்கத்துக்குக் கிடைத்தவை வெறும் எட்டு.

அந்தச் சட்டமன்றத்தின் முன் வந்த மிகப் பெரிய விஷயம் ஜாகிர் ஒழிப்பு. சென்னை மாகாணத்தில் 1948-ம் வருடச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்தன அல்லவா, அதே மாதிரி அங்கேயும் நிலத்தை ஜாகிர்தார்களிடமிருந்து எடுக்க 1952-ல் சட்டம் வந்தது. ஜனசங்கத்தின் எட்டு உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஜாகிர்தார்கள், அல்லது அந்த வட்டத்தைச் சேர்ந்தவர்கள். அவர்கள் சட்டத்தை எதிர்த்தார்கள். கட்சியின் தலைமையோ நிலச் சீர்திருத்தத்தை ஆதரித்தது. ஷெகாவத் தலைமையின் பக்கம், அதாவது உழுகிறவர் பக்கம் நின்றார். முடிவில் கட்சி உடைந்து, எட்டுப் பேரில் பெரும்பாலோர் வெளியே போனார்கள். ஷெகாவத் உள்ளே இருந்தார்.

இதன் கனத்தை நம்ம ஊர்க் கணக்கில் நினைத்துப் பார்க்க வேண்டும். ஓட்டுப் போட்டது சொந்த சாதிக்காரர்கள். கல்யாணம், காரியம் என்றால் முன்னால் வந்து நிற்கப் போகிறவர்களும் அவர்களே. அவர்கள் நிலத்தை எடுக்கிற சட்டத்துக்குக் கை தூக்கிவிட்டு ஊருக்குத் திரும்பி வருவது லேசான காரியமா? அடுத்த தேர்தலில் மண்ணைக் கவ்வுவார் என்று நினைத்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் 1957-ல் ஸ்ரீமாதோபூர் தொகுதியிலும், 1962-லும் 1967-லும் ஜெய்ப்பூர் நகரத்துக் கிஷன்போல் தொகுதியிலும் வரிசையாக ஜெயித்தார். 1972-ல் தோல்வி. பிறகு 1974-ல் மத்தியப் பிரதேசத்திலிருந்து ராஜ்ய சபைக்குப் போனார். 1975-ல் நெருக்கடி நிலை வந்தபோது சிறைக்கும் போனார். ஒரு காலத்தில் லாக்கப் சாவியைக் கையில் வைத்திருந்தவர், கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தும் பார்த்துவிட்டார்.

கடைசி ஐந்து வீடுகள்

1977-ல் ஜனதா கட்சி ராஜஸ்தானில் பெரும் வெற்றி பெற்றது. ஜூன் 22-ந் தேதி ஷெகாவத் முதலமைச்சர் ஆனார். அப்போது அவர் எம்.எல்.ஏ. இல்லை; பிறகு சாப்ரா தொகுதி இடைத்தேர்தலில் ஜெயித்து வந்தார். காங்கிரஸ் அல்லாத ஒருவர் அந்த மாநிலத்தில் முதலமைச்சர் ஆனது அதுவே முதல் தடவை.

பதவிக்கு வந்த சில மாதங்களில், 1977 அக்டோபர் 2, காந்தி ஜயந்தி அன்று, அந்த்யோதயா என்ற திட்டத்தைத் தொடங்கினார். அந்தத்தில், அதாவது கடைசியில், நிற்கிறவருடைய உயர்வு என்று பொருள். நம்ம பாஷையில் சொன்னால் கடைமடை. கண்மாயில் மடையைத் திறந்துவிட்டால் முதல் வயல்காரனுக்குத் தண்ணீர் தானாகவே பாயும். கடைமடைக்காரன் வயலுக்கு வந்து சேர்ந்ததா என்பதே கேள்வி. குடிநீர்க் குழாய் போடுகிற நம்ம சிவில் நண்பர்களைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்: டேங்க் பக்கத்து வீட்டில் போய் பிரஷர் பார்த்து என்ன ஆகப் போகிறது, தெருக்கோடி வீட்டில் பார்க்க வேண்டும்.

திட்டம் மிகவும் எளிமையானது. ஒவ்வொரு கிராமத்திலும் ஆக ஏழையான ஐந்து குடும்பங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தத் தேர்வு ஊர்க் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும் நடக்க வேண்டும். அப்படித் தேர்ந்தெடுத்த குடும்பத்துக்கு எது பொருந்துமோ அதைக் கொடுக்க வேண்டும். உழ முடிந்தவனுக்கு நிலம். வண்டி ஓட்டத் தெரிந்தவனுக்கு ஒட்டக வண்டி வாங்கக் கடன். சிலருக்கு ஆடு மாடு, சிலருக்குத் தறி அல்லது தையல் மிஷின், உடம்பில் தெம்பு இல்லாத முதியவர்களுக்குப் பென்ஷன். ராஜஸ்தானில் முப்பதாயிரத்துக்கும் மேல் கிராமங்கள். கிராமத்துக்கு ஐந்து என்றால் ஒரு சுற்றுக்கே ஒன்றரை லட்சம் குடும்பங்களுக்கு மேல் வருகிறது.

இதில் இரண்டு சூட்சுமங்கள் இருக்கின்றன. முதலாவது, எண்ணிக்கை. ஏழைகள் எல்லோருக்கும் என்று அறிவித்தால் யார் ஏழை என்பதில் சண்டை தொடங்கி, விண்ணப்பம் எழுதத் தெரிந்தவன், தலையாரியைத் தெரிந்தவன் எல்லாம் முன்னால் வந்துவிடுவான். ஐந்தே ஐந்து என்றால் ஊரே கவனிக்கும். இரண்டாவது, வெளிச்சம். நாலு பேர் முன்னிலையில், இந்த ஊரில் ஆக ஏழை யார் என்று கேட்டால், வசதியானவன் தன் பெயரைச் சொல்லக் கூசுவான். சொன்னாலும் கூட்டம் சிரிக்கும். சாட்சிகளை ஊர் நடுவில் வைத்து விசாரித்துப் பழகிய ஒரு போலீஸ்காரர் மூளைக்கு இது எட்டியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

எல்லா இடத்திலும் திட்டம் நேராக நடந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கடன் வாங்கிய மாடு செத்தால் கடன் மட்டும் மிஞ்சும் என்ற குறையை எந்தக் கடன் திட்டத்திலும் பார்க்கிறோம். தவிர, 1980 பிப்ரவரியில், இந்திரா காந்தி மறுபடி பிரதமரான பிறகு, ராஜஸ்தான் உட்பட ஒன்பது மாநில அரசுகள் கலைக்கப்பட்டன. ஷெகாவத்தின் முதல் ஆட்சி முழுக் காலம் ஓடவில்லை. ஆனால் அந்தப் பெயர் சாகவில்லை. 2000-ம் ஆண்டு டிசம்பரில் மத்திய அரசு அந்த்யோதயா அன்ன யோஜனா என்ற உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. நம்ம ஊரில் சில ரேஷன் கார்டுகளுக்கு மாதம் 35 கிலோ அரிசி போடுகிறார்களே, ஏ.ஏ.ஒய். கார்டு என்று, அந்த முதல் 'ஏ' இந்த அந்த்யோதயாதான். ரேஷன் கடை வரிசையில் நிற்கிற நம்ம ஊர்ப் பாட்டிக்கு அந்தப் பெயர் எங்கே இருந்து வந்தது என்று தெரிந்திருக்க நியாயமில்லை. படித்தவர்கள் நாமாவது தெரிந்துகொள்வோம்.

தேவ்ராலாவும் பட்டேரியும்

1987 செப்டம்பர் 4-ந் தேதி, சீகர் மாவட்டத்துத் தேவ்ராலா கிராமத்தில், ரூப் கன்வர் என்ற 18 வயதுப் பெண் கணவனின் சிதையில் எரிந்து இறந்தாள். அதை சதி மாதா என்று கொண்டாட லட்சக்கணக்கில் கூட்டம் திரண்டது. ராஜபுத்திரர் அமைப்புகள் வாளோடு ஊர்வலம் போயின. அரசியல்வாதிகள் பலர் வாயைத் திறக்கவில்லை, ஓட்டு பயம். ஷெகாவத் அப்போது எதிர்க்கட்சிக்காரர். சொந்த மாவட்டம், சொந்த சாதி. இருந்தும் சதியை வெளிப்படையாகக் கண்டித்தார். சாதிக்காரர்களின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டார். 1952-ல் கை தூக்கிய அதே மனிதர் 64-வது வயதில் மாறாமல் இருந்தார் என்பதற்கு இது சாட்சி.

ஆனால் ஒருவரைப் பற்றி எழுதும்போது வெல்லப்பாகு மட்டும் ஊற்றக் கூடாது. 1990 மார்ச்சில் இரண்டாவது முறை முதலமைச்சரானார். அந்த ஆட்சியின் காலத்தில், 1992 செப்டம்பரில், ஜெய்ப்பூர் பக்கத்துப் பட்டேரி கிராமத்தில் பன்வாரி தேவி என்ற பெண்மணி கூட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளானார். அவர் செய்த குற்றம், அரசாங்கம் கொடுத்த வேலையைச் செய்ததுதான். குழந்தைத் திருமணத்தைத் தடுக்க அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் கிராமப் பணியாளராக இருந்தவர் அவர். போலீஸ் அவரை நம்பவில்லை. மருத்துவப் பரிசோதனை தாமதமானது. 1995-ல், ஷெகாவத் மூன்றாவது முறை முதலமைச்சராக இருந்தபோது, கீழ்க் கோர்ட்டு குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுதலை செய்தது. பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போய், 1997 ஆகஸ்டில் விசாகா தீர்ப்பு வாங்கின. இன்று ஒவ்வொரு கம்பெனியிலும் பாலியல் புகார்களுக்கென்று ஒரு கமிட்டி இருக்கிறதே, அதன் தொடக்கம் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. கடைசி வீட்டைத் தேடிப் போன முன்னாள் சப்-இன்ஸ்பெக்டரின் போலீஸ், பட்டேரியின் கடைசி வீட்டுக்குச் சரியாகப் போகவில்லை. இந்தக் கறையை அவர் கணக்கிலிருந்து கழிக்க முடியாது.

கணக்கைக் காட்டு

1992 டிசம்பர் 6-ல் அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து டிசம்பர் 15-ந் தேதி ராஜஸ்தான் அரசும் கலைக்கப்பட்டது. 1993 தேர்தலில் அவருடைய பாரதிய ஜனதா கட்சிக்குப் பெரும்பான்மைக்குச் சில இடங்கள் குறைந்தன. சுயேச்சைகளைச் சேர்த்துக்கொண்டு மூன்றாவது தடவை முதலமைச்சரானார்; 1998 வரை ஆட்சி நடத்தினார். எதிர்க்கட்சிக்காரர்களோடும் சிநேகமாக இருக்கத் தெரிந்தவர் என்பது எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விஷயம். அந்தக் கலையே இங்கு கை கொடுத்தது.

இந்தக் காலத்தில்தான் நாட்டுக்கே முக்கியமான ஒரு சம்பவம் நடந்தது. சென்னையில் பிறந்தவரும், ஐ.ஏ.எஸ். வேலையை உதறியவருமான அருணா ராய் மற்றும் நண்பர்கள், 1990-ல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பை ராஜஸ்தானில் தொடங்கியிருந்தார்கள். வறட்சி நிவாரண வேலையில் மஸ்டர் ரோலில் செத்தவன் பெயருக்கெல்லாம் கூலி எழுதப்படுகிறது, கணக்கைக் காட்டு என்பது அவர்கள் கோரிக்கை. 1995 ஏப்ரலில் ஷெகாவத் சட்டமன்றத்தில், பஞ்சாயத்து வேலைகளின் கணக்கு நகலை மக்கள் வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தார். ஊர் நடுவில் ஏழையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னவருக்குப் பொருத்தமான அறிவிப்பு.

அறிவித்தாரே தவிர, உத்தரவு வரவில்லை. ஒரு வருடம் காத்திருந்துவிட்டு, 1996 ஏப்ரலில் பியாவர் நகரில் மக்கள் தர்ணாவில் உட்கார்ந்தார்கள். நாற்பது நாள். கூலிக்காரர்கள் ஊர் ஊராகத் தானியம் கொண்டுவந்து சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். 1997-ல் ஜெய்ப்பூரில் இன்னொரு தர்ணா. அதன் பிறகே நகல் வாங்கும் உரிமை விதியாகக் கைக்கு வந்தது. அந்தத் தெருப் போராட்டத்திலிருந்து வளர்ந்ததே 2005-ம் வருடத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். முதலமைச்சர் சொன்ன வார்த்தையை அவருடைய சர்க்காரே நிறைவேற்ற ஏன் அத்தனை தயங்கியது? பொறியாளர்களாகிய நமக்கு இது புரியாததல்ல. மெஷர்மென்ட் புத்தகம், மஸ்டர் ரோல், பில் எல்லாம் நம்ம கை வழியாகப் போகிறவை. அதை வெளியில் காட்டச் சொன்னால் எத்தனை பேருக்கு வயிற்றைக் கலக்கும் என்பதும் நமக்குத் தெரியும்.

இரண்டு சப்-இன்ஸ்பெக்டர்கள்

2002 ஆகஸ்டில் குடியரசுத் துணைத் தலைவர் தேர்தல். ஷெகாவத்தை எதிர்த்து நின்றவர் மகாராஷ்டிரத்தின் சுஷில்குமார் ஷிண்டே. அவரும் போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து, வேலையை விட்டுவிட்டு எம்.எல்.ஏ. ஆனவர் என்பதுதான் சுவாரஸ்யம். நாட்டின் இரண்டாவது பெரிய பதவிக்கு இரண்டு முன்னாள் சப்-இன்ஸ்பெக்டர்கள் போட்டி போட்ட தேர்தல் அது. ஷெகாவத் 454 ஓட்டும், ஷிண்டே 305 ஓட்டும் பெற்றார்கள். தமிழ்நாட்டிலும் டி.ஜி.பி.யாக இருந்த ஆர். நட்ராஜ் 2016-ல் மயிலாப்பூர் எம்.எல்.ஏ. ஆனார். ஆனால் பெரிய அதிகாரியாக ஓய்வு பெற்றுவிட்டு வருவது வேறு; ஸ்டேஷன் பெஞ்சிலிருந்து எழுந்து வருவது வேறு.

2007-ல் குடியரசுத் தலைவர் தேர்தலில் பிரதிபா பாட்டீலிடம் தோற்றதும் பதவியை ராஜினாமா செய்தார். 2010 மே 15-ந் தேதி ஜெய்ப்பூரில், 86-வது வயதில் காலமானார்.

நண்பர்களே, இவருடைய கட்சி, கொள்கை எல்லோருக்கும் உடன்பாடாக இருக்க வேண்டும் என்பதில்லை. எனக்கே பல விஷயங்களில் கிடையாது. ஆனால் அந்த ஐந்து வீட்டுக் கணக்கை மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளலாம். நம்ம சங்கம் வருடா வருடம் ஏழை மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கிறது. விண்ணப்பம் போட்டவர்களில் மார்க் பார்த்துக் கொடுக்கிறோம். விண்ணப்பம் போடவே தெரியாத பிள்ளை விளாத்திகுளம், புதூர் பக்கத்துக் கிராமங்களில் மிளகாய்ப் பழம் பறிக்கப் போய்க்கொண்டிருக்கும். ஊருக்குப் போகிறபோது ஆளுக்கு ஒரு கிராமத்தில், பள்ளிக்கூட வாத்தியாரையும் நாலு பெரியவர்களையும் வைத்துக்கொண்டு, இந்த ஊரில் ஆகக் கஷ்டப்படுகிற பிள்ளை யார் என்று எல்லோர் முன்னாலும் கேட்டு, அந்தப் பெயரைச் சங்கத்துக்கு எழுதி அனுப்பலாம். கொடுத்த பணத்தின் கணக்கையும் அடுத்த மலரில் அச்சுப் போட்டுவிடலாம். பொதுக்குழுவில் இதை விவாதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.